இருபத்துநான்காவது வரி

கணினியின் மூடியில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிராமல் இருந்தது. காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம் கறுத்துப்போயிருந்தது. பிலோமினா ஈரத் துணியை எடுத்தபோது மங்கையர்க்கரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும் கண்ணு. எண்பத்தெட்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு நான் வச்சது."

"அப்ப நான் பொறக்கவே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பிலோமினா துணியை மடித்து வைத்தாள்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு மேற்கே, ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது பிலோமினாவின் கடை. பழைய கருவிகளை இன்றைய திரைகளோடு இணைத்துக் கொடுப்பது அவள் தொழில். கல்யாண வீடியோ கேசட்டுகள், திறக்காத கைப்பேசிகள், செத்துப்போன கேமராக்கள் என்று ஊரே அவளிடம் கொண்டுவந்து கொட்டியது. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டியாக இருக்கும் இந்த மாதிரி இயந்திரம் மட்டும் அவளிடம் இதுவரை வந்ததில்லை.

மங்கையர்க்கரசிக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஜோசியர் பஞ்சாபகேசன் நடத்திய கம்ப்யூட்டர் ஜோதிட நிலையத்தில் இந்த இயந்திரத்தை இயக்கியவள் அவள்தான். ஜோசியரின் மகன் சென்ற மாதம் வீட்டை விற்றபோது பரணில் இது கிடைத்திருக்கிறது. அக்கா, நீங்க ஓட்டின மெஷின், உங்களுக்கு வேணுமா, இல்லை பழைய சாமான்காரனுக்குப் போடட்டுமா என்று போனில் கேட்டான். மங்கை அடுத்த பஸ்ஸில் கிளம்பிப் போய் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே ஒரு கேசட் பிளேயரும் இருந்தது. அதற்குள் ஒரு கேசட், கடைசியாக அவள் போட்டபடியே.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்த எழுத்துகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் கிராப் தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்று வரைந்து, அதை எண்ணாக்கி உள்ளே போட வேண்டும். 'அ'வுக்கு வயிறு வந்தால் கால் வராது. 'ஞ' மூன்று நாள் படுத்தியது. வரைந்தது மங்கை. எண்ணாக்கியது தெய்வசிகாமணி.

பிலோமினா மூன்று நாள் வேலை பார்த்தாள். மின்சாரம் கொடுக்கும் பெட்டியைப் புதிதாகச் செய்தாள், உப்பிப்போன மின்தேக்கிகளை மாற்றினாள். கேசட்டில் கீச்சொலியாகப் பதிந்திருந்த நிரலைக் கைப்பேசியில் வாங்கி இயந்திரத்துக்கு அனுப்பலாம் என்று பார்த்தால், கைப்பேசி அதை வேண்டாத இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிட்டு வெறும் மௌனத்தைக் கொடுத்தது. கடைசியில் பழைய பிளேயரையே பழுதுபார்த்து நேராகச் செருகினாள். பட வயரை ஒரு மாற்றியின் வழியாகச் சுவரில் இருந்த பெரிய திரைக்குக் கொண்டுபோனாள்.

நான்காம் நாள் காலையில் திரையில் தலைப்பு வந்தது. திருமணப் பொருத்தம். கட்டம் கட்டமான கரடுமுரடான எழுத்து. 'ண'வின் மூன்றாவது சுழி பாதியில் நின்றிருந்தது, அவள் அன்றைக்கு விட்ட இடத்திலேயே. மங்கை எழுந்து போய் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏதாவது போட்டுப் பாருங்கம்மா. வேலை செய்யுதான்னு தெரியணும்ல."

மங்கை உட்கார்ந்தாள். விரல்கள் தாமாகப் போயின. பெண் நட்சத்திரம், அஸ்தம். ஆண் நட்சத்திரம், சுவாதி. கூடவே ராசியும் பாதமும். வேறு யாருடைய விவரமும் அவளுக்கு நினைவில் இல்லை என்பதில்லை. இந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் கைக்கு வந்தது இதுதான்.

பட்டியல் மேலிருந்து கீழே இறங்கியது. கணம் உண்டு. யோனி உண்டு. ரஜ்ஜு இல்லை. பத்தும் முடிந்ததும் இருபத்துமூன்றாவது வரியில், அவளுக்கு மனப்பாடமான அந்த முடிவு: பொருந்தாது.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

விதிவிலக்கு உண்டு மணம் முடிக்கலாம்.

மங்கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். வரி அங்கேயே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துப் பிலோமினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள் மங்கை.

பஞ்சாபகேசனுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்த இயந்திரம் அது. கணினித் திரை கிடையாது. வீட்டில் இருந்த பதினான்கு அங்குல டி.வி.யை ஸ்டூலில் வைத்து இணைத்திருந்தார். பிரிண்டர் வாங்க அவருக்கு மனசு வரவில்லை. மங்கையின் கையெழுத்து அழகாக இருந்ததால், திரையில் வருவதை அப்படியே பார்த்து எழுதித் தருவது அவள் வேலை. பொருந்தினால் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தர வேண்டும். பொருந்தாவிட்டால் மஞ்சள் கிடையாது. தாளை வாங்க நீட்டிய கை, படிப்பதற்கு முன்பே வெள்ளை மூலையைப் பார்த்து நின்றுபோவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். வாசலில் ஒரு பலகை தொங்கும்: கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. இயந்திரம் சொல்லிவிட்டால் ஜோசியரும் அதற்கு மேல் பேசமாட்டார்.

நிரலை எழுதியவன் தெய்வசிகாமணி. அப்போது ஊர்க் கல்லூரியில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தான். கல்லூரி ஆய்வகத்தில் இதே மாதிரி இயந்திரம், நல்ல திரையோடு இருந்தது. அங்கே எழுதிக் கேசட்டில் பதிந்து கொண்டுவந்து தருவான். கிராப் தாளும் பென்சிலுமாக எட்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில், இருவர் வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவன் அக்கா வந்து பேசினாள். மங்கையின் அப்பாவுக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. நீ வேலை பார்க்கிற இடத்துலயே பொருத்தம் பார்த்து எழுதிக்கிட்டு வா, வெளியே யார்கிட்டயும் போக வேணாம் என்று சொன்னார்.

அவளே தட்டினாள். அவளே படித்தாள். அவளே எழுதினாள். மஞ்சள் தடவாத தாளை அப்பா அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு தெய்வசிகாமணி நிலையத்துப் பக்கம் வரவே இல்லை. அந்தத் தை மாதம் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த குஞ்சிதபாதத்துக்கும் மங்கைக்கும் கல்யாணம் ஆயிற்று.

"டி.வி.யிலயா பார்த்தீங்க?" என்று கேட்டாள் பிலோமினா.

"ஆமா."

"அப்போதைய டி.வி.யில படத்தோட ஓரம் சட்டத்துக்குள்ள போயிடும்மா. நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். சினிமா பார்க்கிறவங்களுக்கு அது தெரியாது. ஆனா கம்ப்யூட்டரைச் செருகினா மேல ஒரு வரி, கீழ ஒரு வரி முழுங்கிடும். காலேஜ் மாதிரி எடத்துல நல்ல திரை இருந்தா இருபத்துநாலு வரியும் தெரியும். உங்க கடையில தெரிஞ்சிருக்காது."

மங்கையின் இரு கைகளும் விசைப்பலகையின் மேலேயே இருந்தன.

பிலோமினாவுக்கு அதோடு நிறுத்திக்கொள்ள ஆசைதான். ஆனால் அவள் இந்தத் தொழிலில் பார்த்தது அதிகம். சென்ற வருஷம் ஒருவர் தன் அப்பா அம்மாவின் கல்யாண கேசட்டைக் கொண்டுவந்தார். அந்த அப்பா வாழ்நாள் முழுக்கச் சிரித்ததில்லையாம். திரையில் மணமேடையில் சிரித்துக்கொண்டு நின்றார். மகன் அழுதுகொண்டே கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அவரிடம் சொல்லாமல் விட்டது இன்னும் அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். இப்ப விக்கிற எந்தத் திரையும் வர்றத அப்படியே காட்டாது. பாதிய வாங்கிக்கும். மீதிய அதுவே நிரப்பிக்கும். எதிர்ல இருக்கிறவங்க கண்ணு எங்க போகுது, மூச்சு எப்படி இருக்குன்னு பார்த்து, இவங்க எதுக்கு ஏங்குறாங்களோ அதுக்குத் தக்கன நிரப்பும். அணைக்கவும் முடியாது. பத்து வருஷமா இப்படித்தான்."

"அப்ப இந்த வரி?"

பதிலாகப் பிலோமினா எழுந்துபோய், கணினியிலிருந்து திரைக்குப் போன வயரைப் பிடுங்கினாள். படம் போகவில்லை. பட்டியலும் முடிவும் கீழே அந்த வரியும் சிறிதும் அசையாமல் நின்றன. வயரின் முனை அவள் கையில் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் அப்படியே இருந்துவிட்டு, மங்கை தலையைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் திரை மெதுவாக இருண்டது.

அன்று மத்தியானம் முழுக்க மங்கை யோசித்தாள். வரி பொய்யாகவே இருக்கலாம். அது ஒரு பக்கம் நெஞ்சுக்கு நிம்மதிதான். உண்மையாக இருந்தால், அவளுடைய கதை மட்டுமில்லை. அதன் பிறகும் ஏழு மாதம் அவள் அங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். தையல்காரர் மகள் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். வெள்ளைத் தாளை எட்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற பையனைப் பார்க்காமலே தெருவில் இறங்கிப் போனவள். அந்தத் தாளிலும் ஒரு வரி குறைந்திருந்ததா?

அது தெரிந்தவர் ஒருவர்தான், தெய்வசிகாமணி. பட்டுக்கோட்டையில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறார், மனைவி தவறி மூன்று வருஷம் ஆகிறது, மகன் புனேயில் என்பதெல்லாம் உறவுக்காரக் கல்யாணங்களில் காதில் விழுந்ததுதான். எண்ணை வாங்கிப் போன் செய்தாள். மெஷின் கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். காலையில் வருகிறேன் என்றார்.

தெய்வசிகாமணி மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டு மேலே வந்தார். தலையில் முடி இல்லை. தோளில் அந்தக் காலத்தில் மாட்டியது மாதிரியே ஒரு ஜோல்னாப் பை. மங்கையைப் பார்த்துக் கைகூப்பினார். சௌக்கியமா இருக்கீங்களா என்று கேட்டார். பிறகு இயந்திரத்தைப் பார்த்து, அதன் பக்கத்தில் குனிந்து, சந்தனப் பொட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்காக நீ கடையையே அமர்க்களம் பண்ணின. பொரி சிந்தி, விசைக்குள்ள போயி, ஒரு வாரம் 'க' வேலை செய்யல." நீங்க போய் நீ வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. மங்கை கவனித்தாள்.

வயரை மறுபடி செருகி, விவரங்களைத் தட்டி, வரியைக் காட்டினாள். அவர் திரையைப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு தாள், மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுப் போட்டது. அவளுடைய கையெழுத்து. மூலைகளில் மஞ்சள் இல்லை. பொருந்தாது என்பதோடு முடிந்திருந்தது.

"விலக்குப் பகுதியை நான் கடைசியாத்தான் சேர்த்தேன்" என்றார். "பஞ்சாங்கத்துல ரஜ்ஜு தட்டினாலும் சில விலக்கு இருக்கு. நம்ம ரெண்டு பேரோடதையும் முதல்ல நான் காலேஜ்ல போட்டுப் பார்த்தேன். பொருந்தாதுன்னு வந்தது. அப்புறம் நாலு நாள் பஞ்சாங்கமும் கையுமா உக்காந்து விலக்கைத் தேடி எடுத்து எழுதினேன். கீழ வரி வந்தது. வெள்ளிக்கிழமை கேசட்டை உன்கிட்ட கொடுத்துட்டுத் திருச்சிக்குப் பரிட்சைக்குப் போயிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீயே பார்க்கட்டும்னு நினைச்சேன். பார்த்து நீயே எழுதணும்னு." அவர் தாளைத் தடவினார். "வந்தது இது. உன் எழுத்து. ஒரு வரி குறைஞ்சிருந்தது. குறைச்சது நீன்னு நினைச்சேன்."

பிலோமினா எதையோ நோண்டுவதாகப் பாவனை செய்துகொண்டு மூலையில் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"வந்து கேட்டிருக்கலாம்."

"வேணாம்னு எழுதிக் கொடுத்த பொண்ணுகிட்ட வந்து ஏன்னு கேக்கறதா?"

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இவரு எழுதின மெஷின். இவரு நினைச்சிருந்தா மாத்தியிருக்கலாம். நமக்காக ஒரு பொய் சொல்ல வைக்கக்கூட இவருக்கு மனசு வரலைன்னு நினைச்சேன். பல வருஷம் அந்தக் கோபம் இருந்தது."

அவர் சிரிக்க முயன்றார். குஞ்சிதபாதத்தோடு பொருந்தியிருந்ததா என்று கேட்டார். கேட்டிருக்கக்கூடாது என்று கேட்டவுடனே அவருக்குப் பட்டது.

"பத்துக்கு ஒம்போது. இதே மெஷின்தான்" என்றாள் மங்கை. "அவரு நல்ல மனுஷன். நாப்பது வருஷம் காலையில எனக்கு முன்ன எழுந்து பால் வாங்கிட்டு வருவார். அதை நான் மெஷின் சொல்லித் தெரிஞ்சுக்கல."

பிறகு அவளே விஷயத்துக்கு வந்தாள். நிலையத்தில் அப்போது இரண்டு கேசட் இருந்தன. பழையதும் அவர் புதிதாகக் கொடுத்ததும். இரண்டிலும் அவர் கையெழுத்து, தேதி கிடையாது. தங்கள் பொருத்தம் பார்த்த செவ்வாய்க்கிழமை அவள் எதைப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அன்று முதல் கடைசி வரை பிளேயரில் இருந்தது இந்த ஒன்றுதான். இதில் அந்த வரி இருந்தால், மறைத்தது டி.வி.யின் சட்டம். இல்லாவிட்டால் பழையதை எடுத்துப் போட்டது அவள் கை. "இதைத் தெரிஞ்சுக்காம என்னால இருக்க முடியாது. இந்தத் திரை சொல்றதை நான் நம்ப மாட்டேன்."

அவர் யோசித்தார். அப்புறம் இயந்திரத்தின் வயிற்றைத் தட்டினார். இதற்குள்ளேயே ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கிறது, அதற்கும் நிரப்பத் தெரியுமா என்று கேட்டார். அது வெறும் காந்தமும் காகிதமும் சார், கொடுத்ததைக் கத்தும், அவ்வளவுதான் என்றாள் பிலோமினா.

"அப்ப திரையே வேணாம். பட்டியல் வந்து முடிஞ்ச பிறகு, கடைசி வரியை மெஷினே ஒவ்வொரு கட்டமா பார்த்துக்கிட்டு போகட்டும். எழுத்து இருந்தா ஒரு தடவை கூவணும். காலியா இருந்தா பேசாம இருக்கணும். எங்க எழுத்து ஒண்ணுக்கு ஒரு கட்டம்தான். வரிக்கு நாப்பது கட்டம். இருபத்துமூணு வரி போனா தொள்ளாயிரத்து இருபது. அங்கேருந்து ஆரம்பிக்கணும். நிரலோட கடைசியில மூணு வரி சேர்த்தாப் போதும்."

பிலோமினா திரையின் மின்சாரத்தையே அணைத்தாள். அதற்கு முன்னால் மங்கை ஒரு கேள்வி கேட்டாள். நீங்கள் எழுதிய வரி எது, சொல்லுங்கள் என்றாள். அவர் அணையப்போகும் திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"இதேதான். விதிவிலக்கு உண்டு மணம் முடிக்கலாம்."

அவர் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். மங்கை பின்னால் நின்றாள். இரண்டு வருஷம் இந்த விசைகளோடு வாழ்ந்தவளுக்கு எழுத்தைப் படிக்கத் திரை தேவையில்லை. விரல் போகும் இடத்தைப் பார்த்தால் போதும். அவர் விரல்கள் மேல்வரிசை எண்களுக்குப் போயின. ஒன்பதுக்குப் போகும் என்று அவள் எதிர்பார்த்தாள். போகவில்லை. ஆறு. காற்புள்ளி. மூன்று. காற்புள்ளி. மூன்று. காற்புள்ளி. ஆறு.

தொள்ளாயிரத்து இருபது எந்த வரியிலும் வரவில்லை.

அவர் ஓடவிட்டார். மங்கை கை நீட்டி இரண்டு நட்சத்திரங்களையும் ராசி, பாதத்தோடு தட்டினாள். சிறிது நேரம் மௌனம். பிறகு இயந்திரம் கூவியது. நகத்தால் தகரத்தைத் தட்டுவது போன்ற சின்னச் சத்தம். ஆறு முறை. நிறுத்தம். மூன்று. நிறுத்தம். மூன்று. நிறுத்தம். ஆறு.

பிலோமினா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், "விதிவிலக்கு, ஆறு. உண்டு, மூணு. மணம், மூணு. முடிக்கலாம், ஆறு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரியா இருக்கும்மா. நெசமாவே இருந்திருக்கு."

தெய்வசிகாமணி திரும்பி மங்கையைப் பார்க்கவில்லை. "தப்பு உன் பேர்ல இல்ல. டி.வி.தான்" என்று விசைப்பலகையைப் பார்த்தே சொன்னார். பிறகு கீழே போய் காபி வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்தார். நான் போறேன் சார் என்று பிலோமினா சொன்னதைக் கேட்காமல் படியிறங்கினார். கீழே போகும் வரை அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வைக்கும் அடிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

மங்கை காலியான நாற்காலியைப் பார்த்தாள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அவளுக்கு விளங்காமல் இல்லை. கேசட் எது என்று அவருக்கும் தெரியாது. வரி இல்லாமல் போய்விட்டால் அவள் அந்தத் தப்பைச் சுமந்துகொண்டு பஸ் ஏற வேண்டுமே என்று பயந்திருக்கிறார். திரை செய்ததைத்தான் அவரும் செய்தார். எதிரில் இருப்பவளுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்தார். திரைமேல் அவளுக்குக் கோபம் வந்தது. இவர்மேல் வரவில்லை.

இப்படியே விட்டுவிடலாம். காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தையல்காரர் மகள் மறுபடி நினைவுக்கு வந்தாள்.

மங்கை உட்கார்ந்தாள். அவர் சேர்த்த மூன்று வரிகளின் மேல் வேறு மூன்று வரிகளை எழுதினாள். திரை இருண்டிருந்தது. விசைகள் போதும். அவர் வாயால் சொன்ன எண், தொள்ளாயிரத்து இருபது. நாற்பது கட்டம். எழுத்து இருந்தால் கூவு. காலியென்றால் சும்மா இரு. பிலோமினா என்னவென்று கேட்க வாயெடுத்து, மங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அஸ்தம், சுவாதி என்று விவரங்கள் எல்லாவற்றையும் மறுபடி கொடுத்தாள்.

நேரம் போயிற்று. கீழே தெருவில் ஒரு வண்டிக்காரர் கீரை விலையைச் சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார். இயந்திரம் பேசாமல் இருந்தது. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவள் கையை எடுக்கப் போனாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நிறுத்தம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அதற்குமேல் ஒன்றும் இல்லை. மங்கை அப்படியே காத்திருந்தாள். ஒன்றும் இல்லை.

தெய்வசிகாமணி மூன்று டம்ளர்களை ஒரு தட்டில் வைத்து, சிந்தாமல் கொண்டுவந்தார். மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் நாற்காலியில் அவள் இருப்பதைப் பார்த்தார்.

"நாலு" என்றாள் மங்கை. "ஒரு இடைவெளி. அப்புறம் மூணு."

அவர் முகம் மாறியது. "நீ..."

"உங்க விரலைப் பார்த்தேன். தொள்ளாயிரத்து இருபது வரவே இல்ல. அதான் நான் போட்டேன்."

அவர் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தப்பு செய்து பிடிபட்ட மாணவனைப் போலக் கையைப் பிசைந்தார். பிறகு அவள் சொன்னது உள்ளே இறங்கியது. வலது கையை விரித்து, சுண்டுவிரலிலிருந்து மடக்கிக்கொண்டே போனார். வி. ல. க். கு. நான்காவது விரலோடு கை நின்றது. அப்புறம் இடது கையில் மூன்று.

"விலக்கு உண்டு" என்றார். "மெமரி பத்தல மங்கை. இன்னும் ரெண்டு எழுத்து போட்டாலே நின்னுடும். என்னென்னவோ எழுதிப் பார்த்துட்டு, கடைசியில ரெண்டு வார்த்தையா சுருக்கினேன். நானே மறந்துட்டேன்."

"தெரியும். நீங்க எதையும் நீட்டி எழுதினதே இல்ல. அந்தத் திரையில அவ்வளவு பெரிய வரியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்தான்."

"அப்ப கேசட்..."

"புதுசுதான். நான் சரியாத்தான் போட்டிருக்கேன்."

பிலோமினா காபி டம்ளர்களை ஒவ்வொருவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அந்த ஏழு மாசத்துல வந்தவங்களுக்கெல்லாம் யாரு போய் சொல்றது என்று மங்கை கேட்டாள். அவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பதில் எதிர்பார்த்து அவள் கேட்கவும் இல்லை.

பிறகு அவள் மேஜையிலிருந்த பிளாஸ்டிக் உறையைத் தன் பக்கம் இழுத்து, தாளை வெளியே எடுத்து விரித்தாள். பிலோமினாவிடம் பேனா வாங்கினாள். மணிக்கட்டை மேஜைமேல் ஊன்றிக்கொண்டாள். அன்று எழுதிய அதே குண்டு எழுத்தில், பொருந்தாது என்பதற்குக் கீழே, இயந்திரம் சொன்னதை மட்டும், ஒரு சொல் கூட்டாமல் எழுதினாள்.

மை காயும்வரை வைத்திருந்துவிட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்ப சரியா இருக்கா பாருங்க."

தெய்வசிகாமணி சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.